மாடி வீட்டுக் கம்பிச் சட்டம்

வாங்கம்மா, இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. மாடியைப் பாத்தாச்சுல்லா? நல்ல காத்தோட்டம். ரெண்டு பக்கமும் சன்னல். குழாயைத் திறந்தா ஆத்துத் தண்ணி வரும், உப்புத் தண்ணி கலக்கதே கிடையாது. மோர் குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க.

கண்டிஷன்னு பெரிசா ஒண்ணும் இல்ல. கறி மீன் கூடாது, முட்டை கூடாது. நாங்க சைவம், அது எங்க மாமனார் காலத்துலயிருந்து உள்ளது. மத்தபடி நீங்க உங்க பாட்டுக்கு இருக்கலாம், நான் என் பாட்டுக்கு இருப்பேன். யாரு வந்தா, யாரு போனா, எப்ப லைட்டை அணைக்கீங்க, ஒண்ணும் கேக்கமாட்டேன். பாளையங்கோட்டை முழுக்க விசாரிச்சுப் பாருங்க, ஆவுடையம்மா மாதிரி ஒரு வீட்டுக்காரி கிடைக்கமாட்டா. அடுத்தவங்க விஷயத்துல தலையிடுத சுபாவமே எனக்குக் கிடையாது. உங்க வீட்டுக்காரர் ஏன் வரலை? என்ன வேலை? கோவிச்சுக்கிட்டு எதுவும் இருக்காரா? இல்லையா. சும்மா கேட்டேன்.

முன்னால இருந்தவங்க ஏன் காலி பண்ணினாங்கன்னா கேக்கீங்க. வாரவங்க எல்லாரும் கேக்கதுதான். எல்லார்கிட்டயும் நான் சொல்லதில்ல. உங்க முகத்தைப் பாத்தா சொல்லலாம்னு தோணுது. மாடியில இருந்த பிள்ளை போனதுலயிருந்து எனக்கு மனசு ஆறவே இல்ல, பாத்துக்கிடுங்க. மோரைக் குடிங்க, சொல்லுதேன்.

அந்தப் பிள்ளை பேரு சுகிர்தா. தூத்துக்குடிக்காரி. அவ வீட்டுக்காரன் அருள், கரண்டு எடுக்குத காத்தாடி கம்பெனியில இன்ஜினியர். ஆரல்வாய்மொழி, பணகுடின்னு காத்தாடி எங்க நிக்குதோ அங்க போய் ஏறி இறங்குத வேலை. வாரத்துல பாதி நாளு வீட்டுல இருக்கமாட்டான். வீடு பாக்க வந்த அன்னைக்கே நான் சொல்லிட்டேன், தூத்துக்குடின்னா மீனு இல்லாம சோறு இறங்காதே, இந்த வீட்டுல அது நடக்காதும்மான்னு. அவ சிரிச்சா. "வீட்டுல சமைக்கமாட்டோம் ஆன்டி. ஆசை வந்தா அம்மா வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கிடுதோம்"னா. சொன்ன சொல்லைக் காப்பாத்தினா, அதை நான் இல்லைன்னு சொல்லமாட்டேன். ஒரு நாளும் அவ குப்பையில ஒரு முள்ளு, ஒரு முட்டை ஓடு நான் பாத்ததில்ல. குப்பையைக் கிளறுத பழக்கம்லாம் எனக்குக் கிடையாது. காலையில வாசல்ல இருக்கும், கண்ணுல படும், அவ்வளவுதான். கவரை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாத்தான் அவுத்துப் பாப்பேன்.

சாமான் இறக்கையில ஒரு ஓவன் இறங்கிச்சு. டிவிப் பெட்டி அளவு இருக்கும், முன்னால கண்ணாடிக் கதவு. "கேக்குல முட்டை போடுவாங்களேம்மா"ன்னேன். "முட்டை போடாமயும் செய்யலாம் ஆன்டி"ன்னு சொல்லி, மறுநாளே ஒண்ணு செஞ்சு கொண்டு வந்தா. குக்கர்ல செஞ்சாளாம். எங்க வீட்டுக்காரர், அவ்வோ, ஒரு துண்டை வாயில போட்டுட்டு, "நல்லாத்தான் இருக்கு. முட்டை போட்டா இன்னும் மெத்துன்னு வரும்"னாவ. அவ்வோளுக்கு எப்படித் தெரியும்? எதுலயாவது படிச்சிருப்பாவ. கரண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனதுலயிருந்து பேப்பரை வரி விடாமப் படிக்காவ.

நான் யோசிச்சது என்னன்னா, அம்புட்டுப் பெரிய ஓவனை வச்சுக்கிட்டு கேக்கை எதுக்குக் குக்கர்ல செய்யுதா? அப்ப ஓவன் வேற எதுக்கோ இருக்கு. ஆனா நான் கேக்கல. நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்.

அவ வேலை மணி செய்யுதது. கழுத்துல போடுத மணி. க்ளேன்னு ஒண்ணு, கலர் கலரா சோப்புக்கட்டி மாதிரி பார்சல்ல வரும். அதை சப்பாத்தி மாவு கணக்கா பிசைஞ்சு பிசைஞ்சு, ரெண்டு மூணு கலரைச் சேத்து முறுக்கி, உள்ளங்கையில வச்சு உருட்டுவா. ஊசியால பைய ஒரு ஓட்டை. ஒவ்வொண்ணும் ஒரு சுண்டைக்காய் அளவு, நாவல்பழம் அளவு, அவ்வளவு அழகு. களிமண்ணுதான, வெயில்ல காய வைப்பான்னு நான் நினைச்சுக்கிட்டேன். பிள்ளையார் சதுர்த்திக்கு விக்கானே களிமண் பிள்ளையார், அவன் வெயில்லதான வைக்கான்? நம்ம ஊரு வெயிலுக்கு வேற அடுப்பு எதுக்கு?

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சா அவ்வோ தூங்கிருவாவ. எனக்குத் தூக்கம் வராது. எம்பையன் கனடாவுல இருக்கான். நான் முழிச்சிருக்க நேரம் அவன் தூங்குவான், அவன் முழிச்சிருக்க நேரம் வேலை. அதனால நான் மாடிக்குப் போவேன். எனக்காக இல்ல, அந்தப் பிள்ளை தனியா இருக்காளேன்னு. அவ உருட்டுவா, நான் பாத்துக்கிட்டே பேசுவேன். இந்த நீலம் நல்லா இல்ல, அந்த மணி கொஞ்சம் குண்டா இருக்கு, இப்படி எதையாவது சொல்லிக் குடுப்பேன். "சரி ஆன்டி"ம்பா. நான் சொன்னதை எதுலயாவது செஞ்சாளான்னு கேட்டா, அது எனக்குத் தெரியாது. ஆனா ஒரு நாளும் முகஞ்சுழிச்சது இல்ல. எங்க கதையெல்லாம் அவகிட்டத்தான் சொன்னேன். எம்பையன் எங்ககூடப் பேசாம இருந்த ஒரு வருசத்தைப் பத்திகூட அவகிட்டத்தான் சொன்னேன். மணியைக் கீழ வச்சுட்டு எங்கையைப் பிடிச்சுக்கிட்டா. கையெல்லாம் க்ளே.

அப்புறம் ஒரு நாளு போறேன், கதவு சாத்தியிருக்கு. தட்டினா, லேசாத் திறந்து, "ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு ஆன்டி. கதவு திறந்திருந்தா தூசி வந்து க்ளேயில ஒட்டிக்கிடுது. ஒரு முடி விழுந்தாக்கூட தெரியும். இந்த ஒரு மாசம் மட்டும் சாயங்காலம் பேசுவோமா?"ன்னா. நான் தலையை எண்ணெய் வச்சு இறுக்கி முடிஞ்சிக்கிட்டுத்தான் போவேன், எங்கிட்டயிருந்து எப்படி முடி விழும்? சரின்னு வந்துட்டேன். மறுநாளும் சாத்தியிருக்கு. அதுக்கு மறுநாளும் சாத்தியிருக்கு. சாத்தின கதவைப் பாத்தா மனுசனுக்கு யோசனை வராதா, நீங்களே சொல்லுங்க.

அப்பத்தான் அந்தக் கம்பிச் சட்டம் வந்து சேந்துச்சு.

மோர்மிளகாய் காயப்போட மொட்டைமாடிக்குப் போறேன். கைப்பிடிச் சுவரு மேல ஒரு இரும்புச் சட்டம். நம்ம ட்ரே அளவு இருக்கும், ரெண்டு பக்கமும் பல்லு பல்லா வெட்டியிருக்கு. அந்தப் பல்லுல குறுக்க குறுக்க மெல்லிசா எவர்சில்வர் கம்பி. நுனி கூரா இருக்கு. நல்லா சோப்புப் போட்டுக் கழுவி வெயில்ல வச்சிருக்கா. என் மோர்மிளகாய்த் தாம்பாளத்துக்குப் பக்கத்துல.

தாம்பாளத்தை எடுத்து அந்தப் பக்கம் தள்ளி வச்சேன். ஏன்னா அதை நான் பாத்திருக்கேன். ஜங்ஷன்ல ஒரு கடை இருக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இதே மாதிரி சட்டம், இதே மாதிரி கம்பி. கம்பி பூராவும் செக்கச்செவேல்னு துண்டு துண்டா குத்தி, கீழ நெருப்பு. எங்க வீட்டுல அவ்வோ சாயங்காலம் அந்தப் பக்கந்தான் வாக்கிங் போவாவ. ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன், அந்தக் கடைக்காரப் பையன் அவ்வோளைப் பாத்து வாயெல்லாம் பல்லா ஒரு கும்பிடு போட்டான் பாருங்க. மரியாதை தெரிஞ்ச பிள்ளை. கரண்டு கனெக்ஷனுக்கு அவ்வோ எதுவும் உதவி செஞ்சிருப்பாவ. அவ்வோ என்னமோ காணாத மாதிரி வேகமா நடந்துட்டாவ. பெருமை பிடிக்காது.

கேக்குக்கு எதுக்கும்மா கம்பி? யோசிச்சுப் பாருங்க. கம்பியில குத்தி வேக வைக்கதுன்னா ஒண்ணே ஒண்ணுதான உண்டு. குக்கர்ல கேக்கு, ஓவன்ல இது, கதவு சாத்தல், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கிட்டு.

அன்னைக்கு மத்தியானம் மாடியில இருந்து ஒரு வாடை வந்துச்சு. எண்ணெய் காஞ்ச மாதிரியும் இருக்கு, புதுச் செருப்பு மாதிரியும் இருக்கு. கறி வாடைன்னா இப்படித்தான் இருக்கும்னு எனக்குப் பட்டுது. நான் பொறந்ததுலயிருந்து அந்த வாடையை மோந்ததே கிடையாதுல்லா, அதனாலதான் உடனே கண்டுபிடிச்சேன். தூங்கிக்கிட்டிருந்த அவ்வோளை எழுப்பி வாசல்ல கொண்டு நிறுத்தினேன். அவ்வோ மூக்கைத் தூக்கி ரெண்டு இழுப்பு இழுத்துட்டு, "ஏளா, இது கறியில்ல. கறின்னா முதல்ல வெங்காயம் வரும், பிறகு மசாலா வரும், அதுக்குப் பிறகுதான் அது வரும்"னாவ. அம்புட்டு நிச்சயமா சொல்லுதாவ. அவ்வோ சுபாவமே அப்படித்தான், தெரியாத விஷயத்தைத்தான் ரொம்ப நிச்சயமாப் பேசுவாவ.

நாலஞ்சு நாளு பொறுத்தேன். பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. நடுவுல ஒரு தடவை மாடிப்படியில நின்னு மோந்தேன், ஒரு தடவை பின்பக்க சன்னல் வழியா எட்டிப் பாத்தேன், அவ்வளவுதான். ஓவன் கண்ணாடிக்குள்ள மஞ்சளா லைட்டு எரியுது. வரிசை வரிசையா கம்பி. கம்பியில துண்டு துண்டா என்னமோ. கருஞ்சிவப்பு. கருப்பட்டி நிறத்துல, ஊடால சிவப்பு ஓடுது. ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு.

கீழ இறங்கி அவ்வோளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். வரமாட்டேன்னாவ. "உமக்கு மானம் இருக்கா இல்லையா, எங்க மாமனார் கட்டின வீடு"ன்னேன். சட்டையை மாட்டிக்கிட்டு வந்தாவ. கதவைத் தட்டினேன். அவ வந்து திறந்தா. கையில மாவு தேய்க்குத உருட்டுக்கட்டை. "என்ன ஆன்டி?"ன்னா. நேரா உள்ள போனேன். நம்ம வீடுதான.

போய் ஓவன் கதவைத் திறந்தேன்.

அவ்வோ எந்தோள் வழியா எட்டிப் பாத்தாவ. ஆசையா, சே, அக்கறையாப் பாத்தாவ. பாத்ததும் முகம் அப்படியே சுண்டிப் போச்சு. "மணியா"ன்னாவ. எம்மேல உள்ள கவலைதான், இவ இப்படிக் கோட்டிக்காரத்தனம் பண்ணுதாளேன்னு இருந்திருக்கும். அந்த ஒரு சொல்லைக் கேட்டு நான் நிறுத்தியிருக்கலாம்னு நீங்க நினைக்கலாம். ஆனா பாக்கதுக்கு மணி மாதிரி இருந்தா மணியா? உருண்டையா உருட்டிச் செய்யுத கறியும் உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதனால முதல் கம்பியை வெளிய எடுத்தேன்.

அப்பத்தான் உள்ள வச்சிருக்கா போல. வெதுவெதுன்னு இருந்துது. மெத்துன்னும் இருந்துது. கல்லு மாதிரி இருந்தா மணின்னு நம்பியிருப்பேன், மெத்துன்னு இருந்தா நான் என்னன்னு நினைக்க? கட்டைவிரலால ஒண்ணை அமுக்கினேன். அமுங்கிச்சு. மோந்து பாத்தேன். ஒண்ணை வச்சு முடிவு பண்ணக்கூடாதுல்லா, அடுத்ததை அமுக்கினேன். அப்படியே அந்தக் கம்பி பூராவும் ஒவ்வொண்ணா அமுக்கிட்டுத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. அதுக்குள்ள அவ்வோ "வச்சிருளா, வச்சிருளா"ன்னு எங்கையைப் பிடிச்சு இழுக்கவும், சட்டம் சாஞ்சு மிச்சக் கம்பியெல்லாம் பல்லுல இருந்து விலகி அடியில விழுந்துட்டு. நான் தள்ளல. அவ்வோ இழுத்ததுலதான் விழுந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அவ்வோ அதை ஒத்துக்கிட மாட்டேங்காவ.

எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு. ஒரு கல்யாண வீட்டு ஆர்டராம். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி, அத்தை பிள்ளைங்கன்னு பெரிய கூட்டம், அம்புட்டுப் பேருக்கும் ஒரே நிறத்துல மாலை. கருப்பட்டி நிறம்தான் வேணும்னு கேட்டு வாங்கியிருக்காங்க. அவளுக்குக் கிடைச்ச முதல் பெரிய ஆர்டர். கல்யாணம் அடுத்த வாரம்.

நான் எதிர்பாத்தது என்னன்னா, அவ சத்தம் போடுவான்னு. போட்டிருந்தா நானும் ரெண்டு போட்டிருப்பேன், அழுதிருந்தா நானும் அழுதிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். அவ ஓவனை அணைச்சா. கீழ உக்காந்து ஒவ்வொரு கம்பியா எடுத்து வச்சா. "கறின்னு நினைச்சீங்களா ஆன்டி?"ன்னா. "ச்சீச்சீ, யாரு சொன்னா? வாடை வந்துச்சு, தீப்பிடிச்சிருக்குமோன்னு பாக்க வந்தேன்"னேன். அவ எங்க வீட்டுல அவ்வோளைப் பாத்தா. அவ்வோ சன்னல் வழியா வெளியப் பாத்தாவ.

பிறகு அவளா விளக்கினா. இந்த க்ளேயை வெயில்ல வச்சா காயாதாம், சுட்டாத்தான் கெட்டியாகுமாம். சுடுத ஓவன்ல திங்க சாமானை வைக்கவே கூடாதாம், அதனாலதான் கேக்கைக் குக்கர்ல செஞ்சாளாம். முன்னால ராத்திரியில, தட்டுல வச்சுத்தான் சுட்டிருக்கா. "தட்டுல வச்சா கீழ்ப்பக்கம் சப்பையாயிருது ஆன்டி, பளபளன்னு ஒரு தழும்பு விழுந்துருது. பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடுது. இப்படிக் கம்பியில இடம் விட்டுக் கோத்துச் சட்டத்துல வச்சுட்டா எதுமே படாது. சுத்திலும் சூடு மட்டும் பட்டா போதும், அது தானா பக்குவமாயிரும்"னா. அருள்தான் பட்டறையில சொல்லிச் செஞ்சு வாங்கிக் குடுத்தானாம், அவ பிறந்தநாளைக்கு. பாருங்க, பொண்டாட்டிக்குப் பிறந்தநாளுன்னா ஒரு சேலை எடுத்துக் குடுக்கணும். இரும்புச் சட்டம் குடுத்தா யாரு என்னன்னு நினைப்பா?

"எதுமே படாம ஒரு சாமான் எப்படிம்மா உருப்படும்?"னு கேட்டேன். கேட்டதுல என்ன தப்பு? அவ சிரிச்சா. பழைய சிரிப்பு இல்ல.

அந்த ஆர்டரை எப்படியோ திரும்ப உருட்டிச் செஞ்சு கொடுத்துட்டா. அருள் லீவு போட்டுட்டு வந்து கூட உக்காந்து ஓட்டை போட்டான். நானும் வாரேன்னு சொன்னேன். "வேண்டாம் ஆன்டி, நீங்க ரெஸ்ட் எடுங்க"ன்னா. என்ன ஒரு பாசம் பாருங்க. நான் அன்னைக்குச் சொதி வச்சு, இஞ்சித் துவையல் அரைச்சுக் கொண்டுபோய்க் குடுத்தேன். வாசல்லயே வாங்கிக்கிட்டா.

அவ மேல ஒரு பழி வந்துறக்கூடாதுன்னு அதுக்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கே. கோயில்ல, ரேஷன் கடையில, எதுத்த வீட்டுல, வளவு பூராவும் நான்தான் ஒருத்தர் விடாமச் சொன்னேன். "எங்க மாடியில அந்தப் பிள்ளை கம்பியில குத்தி வேக வைக்கது கறி இல்ல, மணிதான். நானே கையால அமுக்கிப் பாத்துட்டேன்"னு. அதுவரைக்கும் தெருவுல ஒருத்தருக்கும் ஓவன் இருக்கதே தெரியாது. நான் சொன்ன பிறகுதான் எல்லாரும் அவகிட்ட நின்னு பேசவே ஆரம்பிச்சாங்க. "என்னம்மா, இன்னைக்கு என்ன வெந்துக்கிட்டிருக்கு?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவா. கூச்ச சுபாவம்.

ஓவன் ஓடுத நேரத்துல வேற யாரும் போய்த் தொந்தரவு பண்ணிறக்கூடாதேன்னு நான் மாடிப்படியில ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்கிட்டேன். தினமும். முழங்கால் வலியோட. அது யாருக்குத் தெரியுது?

ஒரு மாசம் ஆகியிருக்கும். ரெண்டு பேருமா கீழ வந்தாங்க. அருளுக்கு வள்ளியூர்ப் பக்கம் மாத்தலாயிட்டு, வீட்டைக் காலி பண்ணுதோம்னாங்க. அட்வான்ஸைப் பத்திப் பேசினாங்க, நான் என்ன பதில் சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. உள்ள போய் அடுப்படியில நின்னு அழுதேன். அழுததைச் சொல்ல எனக்கு என்ன வெக்கம்? பெத்த பிள்ளை பேசாம இருந்ததைச் சொன்னப்ப எங்கையைப் பிடிச்சவ அவ.

போற அன்னைக்கு எங்கிட்ட ஒரு பொட்டலம் குடுத்தா. இதோ, போட்டிருக்கேன் பாருங்க. கிட்ட வாங்க. கருப்பட்டி நிறம். அன்னைக்கு நான் அமுக்கின கம்பி. அதை உருட்டி வேற மணி செஞ்சிருக்கலாம்லா? செய்யல. அப்படியே சுட்டு, அப்படியே கோத்துட்டா. ஒவ்வொரு மணியிலயும் பாருங்க, பள்ளம் தெரியுதா? வெளிச்சத்துல பிடிங்க. ரேகை தெரியும். எல்லாம் என் கட்டைவிரல்தான். இந்த மாதிரி மாலை உலகத்துல வேற யாருகிட்டயும் இருக்காதுன்னு சொல்லித்தான் குடுத்தா. குத்திக் காட்டத்தான் குடுத்தாள்னு அவ்வோ சொல்லுதாவ. எனக்கு அப்படித் தோணல. குத்திக் காட்டணும்னு நினைக்கவ இவ்வளவு அழகா முடிச்சுப் போட்டு, கொக்கி வச்சுக் குடுப்பாளா? நான் இதைக் குளிக்கையிலதான் கழத்துவேன்.

சரி, போனா போகட்டும், வேலை மாத்தல், யாரு என்ன செய்ய முடியும்னு இருந்தேன். கேளுங்க. ஒரு வெள்ளிக்கிழமை அவ்வோ மார்க்கெட்ல இருந்து வந்து, "அருளைப் பாத்தேன், புடலங்காய் வாங்கிக்கிட்டு நிக்கான்"னாவ. வள்ளியூர்ல இருக்கவன் புடலங்காய் வாங்க இங்க எதுக்கு வாரான்? விசாரிச்சா, ரெண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்காங்க. பச்சை கேட்டு வீடு. மாத்தலும் இல்ல, ஒண்ணும் இல்ல.

போனதுகூட எனக்கு வருத்தம் இல்லம்மா. பொய் சொல்லிட்டுப் போனாளே, அதுதான். உங்க வீடு பிடிக்கல ஆன்டின்னு எம்முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம். சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? நான்தான் சைவமாச்சே.

அந்தத் தெருவுல ஒரு பிள்ளையார் கோயில் உண்டு. இப்ப நான் தினமும் அங்கதான் போறேன். நம்ம தெருவுலயே ஒரு பிள்ளையார் இருக்காரு, ஆனா அந்தப் பிள்ளையார்தான் எனக்கு ராசி. போற வழியில பச்சை கேட்டு வீட்டு மாடிச் சுவரைப் பாத்தா, அந்தக் கம்பிச் சட்டம் வெயில்ல காஞ்சுக்கிட்டிருக்கும். கழுவி வச்சிருக்கான்னா இன்னைக்கு ஏதோ ஆர்டர் இருக்குன்னு தெரிஞ்சுக்கிடுவேன். ரெண்டு நாளு காணலைன்னா எனக்குச் சோறு இறங்காது. உடம்புக்கு முடியலையோ, ஆர்டர் இல்லையோன்னு. நான் போய்க் கேக்கல. தலையிடுத சுபாவம் எனக்குக் கிடையாதுன்னுதான் முதல்லயே சொன்னேன்லா. அங்க கீழ் வீட்டுக்காரி கறி மீன் எல்லாம் சமைக்கவ. மாடியில என்ன வேகுதுன்னு ஏறிப் பாக்கமாட்டாளாம். அதான் அந்தப் பிள்ளைக்கு அங்க பிடிச்சிருக்குன்னு அவ்வோ சொல்லுதாவ. சொல்லிட்டு ஒரு பெருமூச்சு விடுதாவ.

உங்க விஷயத்துக்கு வாரேன். உங்ககிட்ட ஓவன் உண்டா? கிடையாதா. மணி, பாசி, தையல், அப்படி எதுவும்? காலேஜ்ல பாடம் எடுக்கீங்க. அப்ப பகல்ல வீட்டுலயே இருக்கமாட்டீங்க. ம். நல்லதுதான். நான் குறை சொல்லல. முன்னால ஒரு குடும்பம் வந்து பாத்தாங்க, அவங்க கதவை ரொம்பச் சத்தமா சாத்துதாங்கன்னு வேண்டாம்னுட்டேன். இன்னொருத்தங்க நல்லவங்கதான், சுத்த சைவம், வெங்காயம் கூட சேக்கமாட்டாங்க. ஆனா என்னமோ அவங்க முகத்துல சிரிப்பே இல்ல. "ஏளா, நீ யாருக்கும் வீடு குடுக்கப் போறதில்ல"ன்னு அவ்வோ சொல்லுதாவ. அப்படியெல்லாம் இல்ல. நல்ல ஆளாப் பாக்கேன், அவ்வளவுதான்.

கிளம்புதீங்களா? வீட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்லுதீங்களா? சரிம்மா. உங்களுக்கு நான் வேற நல்ல வீடு பாத்துத் தாரேன், கவலைப்படாதீங்க. மேல ரத வீதியில எங்க மதினி வீடு ஒண்ணு காலியாகுது. காலேஜுக்கும் பக்கம்.

நீங்க பஸ்ஸுக்கு எந்த வழியாப் போறீங்க? அந்தப் பக்கம் வேண்டாம், அது சுத்து. இப்படி வலது பக்கம் திரும்பி ரெண்டாவது தெருவுல போங்க. நடுவுல ஒரு பச்சை கேட்டு வரும். மாடி. மணி வாங்க வந்த மாதிரி ஏறிப் போங்க. ஒண்ணும் வாங்கலைன்னாலும் பரவாயில்ல, சும்மா பாத்துட்டு, பேச்சுவாக்குல சொல்லுங்க, ஆவுடையம்மா வீட்டு மாடி இன்னும் காலியாத்தான் இருக்குன்னு. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லவேண்டாம்.

ஒரு நிமிஷம். அந்தக் கம்பியில மணியைத்தான் கோக்கணும்னு ஒண்ணும் இல்லன்னும் சொல்லுங்க. வேற எதைக் கோத்து வேக வச்சாலும் ஆவுடையம்மா வீட்டுல இப்ப யாரும் கேக்கதில்லையாம்னு சொல்லுங்க. உள்ள அவ்வோ இருமுதாவ பாருங்க, தண்ணி குடிக்கையில புரையேறிட்டு போல.

மாடிப்படியில போட்டிருந்த சேரை எடுத்தாச்சுன்னு சொல்லுங்க. அவ ஓவனைப் போட்டா நான் படியே ஏறமாட்டேன். கதவு சாத்தியிருந்தா தட்டமாட்டேன். சத்தியமா தட்டமாட்டேன்னு சொல்லுங்க.

கூப்பிட்டா வருவேன்னு சொல்லுங்க.